பத்தாயிரத்தில் இரண்டாவது ஆள்

அந்த மருத்துவமனையில் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் வழக்கம் இல்லை, உறுப்புகளுக்குத்தான். மொத்தம் ஒன்பது மாடி. மாடிக்கு ஓரிரு உறுப்பு. தோல் இரண்டில், மூளையும் நரம்பும் மூன்றில், கல்லீரல் ஐந்தில், சிறுநீரகம் ஆறில். முழு மனிதராக ஒருவர் தரைத்தளத்துக் கவுண்டருக்கு வந்து நின்றால், "எந்த உறுப்பு?" என்று கேட்டுத்தான் சீட்டு எழுதுவார்கள். "உடம்பே சரியில்லைங்க" என்று பதில் சொன்ன யாரும் லிஃப்ட் வரை போனதாகத் தகவல் இல்லை.

இந்த நடைமுறை தெரியாமல்தான் பிளம்பர் ஒரு திங்கட்கிழமை காலையில் தன் மனைவியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து அந்தக் கவுண்டரில் நின்றார்.

பிளம்பர் அதிகம் பேசாதவர். ஊரில் பாதி வீட்டுக் குளியலறைகள் அவர் கைபட்டவை. யார் என்ன சொன்னாலும் "சரிங்க" என்பார். சொல்லிவிட்டுத் தனக்குச் சரி என்று பட்டதைச் செய்துவிட்டுப் போவார். அவருக்கும் சேர்த்துப் பேசுவதற்கென்றே பிறந்தவள் அவர் மனைவி. கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். வக்கீல்களோடு தினமும் மல்லுக்கட்டி, எந்தக் காகிதத்தையும் இரண்டு முறை படிக்காமல் கையெழுத்துப் போடாத குணம் வந்திருந்தது.

நாலு வாரத்துக்கு முன்னால் ஒருநாள், யாருடைய பத்திரத்தையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தவள், மெஷின் மூடியைத் திறந்தபடியே சாய்ந்துவிட்டாள். கை கால் இழுத்தது. வாயில் நுரை. இதே ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கி வந்தார்கள். கவுண்டரில் நிறுத்தாமல் நேரே மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோய், வலிப்பு என்று சொல்லி, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நல்ல மாத்திரைதான். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்தது. வலிப்பு அதற்குப் பிறகு எட்டிப் பார்க்கவில்லை. சொல்லாத வேலையைத்தான் மூன்றாவது வாரத்தில் ஆரம்பித்தது.

முதலில் காய்ச்சல். பிறகு மார்பில் தொடங்கி உடம்பெல்லாம் சிவந்த தடிப்பு. அப்புறம் முகம் வீங்கியது. கழுத்தில் கோலி உருண்டை மாதிரி நாலைந்து கட்டிகள். கண்ணாடியில் பார்த்துவிட்டு அவள் சொன்னாள், "ஏங்க, இப்ப என் மூஞ்சியை ஜெராக்ஸ் எடுத்தா பேப்பர் பத்தாது." பிளம்பர் சிரிக்கவில்லை. அவள் கண்ணின் வெள்ளை மஞ்சளாக மாறிக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார்.

"எந்த உறுப்பு?" என்றார் கவுண்டர்காரர்.

"ஜுரம் இருக்குங்க. தடிப்பு. கழுத்துல கட்டி. கண்ணு வேற..."

"ஒண்ணு சொல்லுங்க."

"எல்லாமே சேர்ந்து வந்திருக்குங்க."

"எல்லாமேங்கற துறை இங்க இல்லையே." கவுண்டர்காரர் கெட்டவர் இல்லை. கணினியைத் திருப்பியே காட்டினார். அதில் நிஜமாகவே இல்லை.

"இருக்கறதுலயே பெரிய உறுப்பு எதுவோ அதைப் போடுங்க," என்றாள் மனைவி, கவுண்டர் மேல் நெற்றியைச் சாய்த்தபடி.

உறுப்புகளில் பெரியது தோலாம். இரண்டாம் மாடிக்குச் சீட்டு கிடைத்தது.

தோல் மருத்துவர் அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். லென்ஸ் வைத்துப் பார்த்தார். விரலால் அழுத்திப் பார்த்தார். பக்கத்து அறையிலிருந்து பத்துப் பன்னிரண்டு மாணவர்களைக் கூப்பிட்டு, "நல்லாப் பாத்துக்கங்க, படிச்சு முடிச்சு நாப்பது வருஷம் ஆனாலும் இவ்வளவு அழகா ஒண்ணு கிடைக்காது" என்றார். மாணவர்கள் வரிசையாக வந்து அழுத்திப் பார்த்தார்கள். கடைசி மாணவி மட்டும் "வலிக்குதா அக்கா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி பாடத்திட்டத்தில் இல்லாததால் மருத்துவர் அடுத்த விஷயத்துக்குப் போனார்.

"உள்ளே ஏதோ நடக்குது," என்றார் பிளம்பரிடம். "அது நிச்சயம். ஆனா பாருங்க, எங்க எல்லை மேல் பக்கத்தோட முடிஞ்சு போகுது."

"மாத்திரை ஆரம்பிச்சதுக்கப்புறம்தாங்க இதெல்லாம். அதை நிறுத்திப் பாக்கலாங்களா?"

மருத்துவர் லென்ஸைக் கீழே வைத்தார். மாணவர்கள் குறிப்பெடுப்பதை நிறுத்தினார்கள். பிளம்பர் ஏதோ ஆகாத வார்த்தையைச் சொல்லிவிட்டது போல எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"ஒரு துறை ஆரம்பிச்ச மருந்தை இன்னொரு துறை நிறுத்தறதாவது! அது மரியாதை இல்லை. அப்புறம் நாளைக்கு அவங்க வந்து எங்க களிம்பை நிறுத்துவாங்க. ஆஸ்பத்திரி எப்படி நடக்கும்?"

"சரிங்க," என்றார் பிளம்பர்.

கோப்பில் "தோல் பார்க்கப்பட்டது" என்று முத்திரை விழுந்தது. அவளை நாலாம் மாடி வார்டில் படுக்க வைத்தார்கள். அது எந்த உறுப்புக்கும் சொந்தமில்லாத மாடி. எந்த மாடியில் சேர்ப்பது என்று முடிவாகாதவர்களை அங்கே வைத்திருந்தார்கள். வார்டு நிரம்பி வழிந்தது.

அன்று முதல் உறுப்புக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். கழுத்துக் கட்டியைப் பார்க்க வந்தவர் அளவுநாடாவோடு வந்து கட்டிகளை மட்டும் அளந்துகொண்டு போனார். போகும்போது அவள் வணக்கம் சொன்னதற்கு அவர் கட்டியைப் பார்த்தபடி தலையாட்டினார். சிறுநீரக மருத்துவர் வந்து, "சிறுநீரகம் மனசு விட்டுப் போயிருக்கு. ஆனா தப்பு அது மேல இல்லை. கல்லீரல்தான் காரணம்னு நினைக்கிறேன். அவங்க மேல ஒரு குறிப்பு எழுதி அனுப்பிட்டேன்" என்றார். மறுநாள் கல்லீரல் மருத்துவர் அந்தக் குறிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சிவந்த முகத்தோடு வந்தார்.

"கல்லீரல் மேல குத்தம் சொல்றாங்களா? இருபத்திரண்டு வருஷமா இந்த உறுப்போட இருக்கேன். சும்மா இருந்தா அது யார் வம்புக்கும் போகாது. இதை யாரோ தூண்டி விட்டிருக்காங்க." ரத்த அறிக்கையைத் தட்டிக் காட்டினார். "நாப்பதுக்குள்ள இருக்க வேண்டிய எண் தொள்ளாயிரத்துல நிக்குது. முந்தாநேத்து அறுநூறு."

பிளம்பருக்கு எண்கள் புரியவில்லை. ஆனால் அறுநூறு தொள்ளாயிரமானது புரிந்தது. அவர் தனக்குத் தெரிந்த வழியில் சொல்லிப் பார்த்தார்.

"டாக்டர், ஒரு வீட்டுல எல்லாக் குழாய்லயும் ஒரே நாள்ல கலங்கலா தண்ணி வந்துச்சுன்னா, நாங்க குழாயைக் கழட்ட மாட்டோம். மாடில ஏறித் தொட்டியைத்தான் பாப்போம்."

"நல்ல உதாரணம்," என்றார் கல்லீரல் மருத்துவர். நிஜமாகவே பாராட்டித்தான் சொன்னார். "ஆனா தொட்டி எங்க துறை இல்லையே."

இப்படிப் பலரும் வந்து போனார்கள். வராமல் இருக்காத ஒன்றே ஒன்று அந்த மாத்திரை. காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும், ஒரு நிமிஷம் முன்பின் இல்லாமல், சின்னப் பிளாஸ்டிக் குவளையில் வந்துவிடும். ஆஸ்பத்திரியில் எது தாமதமானாலும் அது மட்டும் தாமதமாகாது.

எட்டாம் நாள் திங்கட்கிழமை எண் ஆயிரத்து நானூறு ஆனது. கல்லீரல் மருத்துவர் பிளம்பரை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். குரலைத் தாழ்த்தினார்.

"இப்படியே இன்னும் நாலஞ்சு நாள் ஏறுச்சுன்னா கல்லீரல் கையை விரிச்சுடும். அதுக்கப்புறம் எங்ககிட்ட ஒண்ணும் இல்லை."

"இப்ப என்ன பண்ணணுங்க?"

"காரணத்தை நிறுத்தணும்."

"காரணம் அந்த மாத்திரைதானுங்களே?"

மருத்துவர் வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "அப்படி நான் சொல்லலை. சொன்னேன்னு நீங்க சொன்னா, சொல்லலைன்னு சொல்லுவேன்."

பிளம்பர் மாடிப்படியில் போய் உட்கார்ந்தார். பதினாறு வருஷமாக அவருக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்த வாய் உள்ளே வறண்டுபோய்க் கிடந்தது. அவள் போய்விட்டால் தான் எப்படி ஒரு வார்த்தை பேசப்போகிறோம் என்று நினைத்தார். படியிலேயே அழுதார். படியேறி வந்த ஒருவர் "எந்த மாடிக்குப் போகணும்?" என்று அனுதாபத்தோடு கேட்டார்.

மறுநாள் காலை மூன்றாம் மாடிக்குப் போனார். நரம்புத் துறையின் வாசலில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் நாள் குறித்துக் கொடுப்பவர். அவருக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு. கதவுக்குப் பின்னால் துறைத் தலைவர் டீ குடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

"உங்க சம்சாரத்துக்கு அடுத்த தேதி பதினோரு வாரம் கழிச்சு," என்றார் மேசைக்காரர்.

"அதுவரைக்கும் தாங்காதுங்க. ரொம்ப முடியாம இருக்கா."

"வலிப்பு வந்துச்சா?"

"இல்லைங்க. அது வரலை."

மேசைக்காரர் எழுந்து கை கொடுத்தார். "ரொம்ப சந்தோஷம். மருந்து நல்லா வேலை செய்யுது."

"கல்லீரல் போயிடும்னு சொல்றாங்க. செத்துடுவா போல இருக்குங்க."

"வலிப்புனாலயா?"

"இல்லைங்க, மாத்திரைனால."

"பாருங்க, வலிப்பினால சாகறதுன்னா எங்க பொறுப்பு. ஓடி வருவோம். மத்ததுக்கு அந்தந்தத் துறை இருக்கு." அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "ஒண்ணு பண்ணுங்க. ஒருவேளை நடுவுல வலிப்பு வந்துச்சுன்னா உடனே கூட்டிட்டு வாங்க. அன்னைக்கே பாத்துடலாம்."

வார்டுக்குப் படியேறும்போது, கடவுளே, அவளுக்கு ஒரு வலிப்பு வரக்கூடாதா என்று பிளம்பர் ஒரு நொடி வேண்டிக்கொண்டார். அடுத்த நொடி தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

பாதிப் படியில் ஒரு பலகை கண்ணில் பட்டது. "அரிய பக்கவிளைவுகள் குழு, ஒன்பதாம் மாடி." இது முதல் நாளே தெரியாமல் போயிற்றே என்று இரண்டு இரண்டு படியாக ஏறினார்.

ஒன்பதாம் மாடியில் தரைவிரிப்பு இருந்தது. குழுவின் தலைவர் நரைத்த தலையும் மெல்லிய குரலுமாக இருந்தார். பிளம்பரை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டார். நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. எட்டு நாளில் முழுதாகக் கேட்ட முதல் ஆள் அவர்தான். பிளம்பருக்கு உயிர் வந்தது.

"நீங்க சொல்ற அத்தனையும் புத்தகத்துல அப்படியே இருக்கு," என்றார் தலைவர். "மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு வாரத்துலேர்ந்து எட்டு வாரத்துக்குள்ள. காய்ச்சல், தடிப்பு, முகவீக்கம், கட்டி, அப்புறம் உள் உறுப்புகள் ஒண்ணொண்ணா. மருந்தை உடம்பு எதிரியா நினைச்சுத் தன்னையே அடிச்சுக்குது. உடனே மருந்தை நிறுத்தணும். இல்லைன்னா உயிருக்கே ஆபத்து."

"அப்ப நிறுத்திடலாங்களா?"

"அங்கதான் ஒரு சிக்கல். இது பத்தாயிரத்துல ஒருத்தருக்கு வர்றது. அதனாலதான் அரிய பக்கவிளைவுன்னு பேரு. இந்த வருஷம் இந்த மாத்திரையை நாம ஒன்பதாயிரத்து இருநூறு பேருக்குக் கொடுத்திருக்கோம். அந்த ஒருத்தர்," தலைவர் ஒரு தடித்த கோப்பை எடுத்து மேசையில் வைத்தார், "மார்ச்லயே வந்துட்டார்."

பிளம்பர் கோப்பைப் பார்த்தார்.

"இப்ப உங்க சம்சாரத்தையும் ஏத்துக்கிட்டா ரெண்டு ஆயிடும். ரெண்டு ஆனா அது அரிது இல்லை. அரிது இல்லைன்னா எங்க குழு அதை விசாரிக்கிறதுக்கு அதிகாரம் இல்லை. அதாவது, நான் ஏத்துக்கிட்ட அந்த நிமிஷமே எனக்கு ஏத்துக்கற தகுதி போயிடுது. புரியுதா?"

"சரிங்க," என்றார் பிளம்பர், புரியாமல். பிறகு கேட்டார், "அந்த மார்ச் மாசத்து ஆளு இப்ப எப்படி இருக்காருங்க?"

தலைவர் கோப்பை அன்போடு தடவினார். "கோப்பு பத்திரமா இருக்கு."

வார்டுக்குத் திரும்பியபோது அவள் பாதிக் கண் திறந்து பார்த்தாள். அவர் நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் வீங்கிய உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது.

"ஜனவரிலயே வந்திருக்கணும் நான். சோம்பேறித்தனம்."

"சும்மா இரு," என்றார் பிளம்பர்.

பக்கத்துக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த மூத்த சிஸ்டர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முப்பது வருஷமாக ஆஸ்பத்திரியில் இருப்பவர். எந்த டாக்டரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் உறுப்பைச் சொல்லியே கூப்பிடுவார். விரிப்பை முடித்துவிட்டு, ஒரு சின்னப் புத்தகத்தோடு வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"நான் மாத்திரையை நிறுத்தச் சொல்ல முடியாது. சொன்னா எனக்கு வேலை போயிடும். ஆனா நோயாளிக்கு விதிப்புத்தகம் படிச்சுக் காட்டக் கூடாதுன்னு எந்த விதியும் இல்லை." கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "பதினாலாவது விதி. நோயாளி ஒரு மருந்தைத் தொடர்ந்து மூன்று முறை உட்கொள்ள மறுத்தால், அது ஒழுங்கீனம் எனக் கருதப்பட்டு, அம்மருந்தைத் தொடங்கிய துறையின் தலைவர் இரண்டு மணி நேரத்துக்குள் நேரில் வந்து விசாரிக்க வேண்டும்."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னொரு தரம் படிங்க சிஸ்டர்," என்றாள் அவள்.

"சாகக் கிடந்தா வர மாட்டாங்க. சொன்ன பேச்சு கேக்கலைன்னா வருவாங்க. முப்பது வருஷமா பாக்கறேன்." சிஸ்டர் புத்தகத்தை மூடினார். "நடுவுல வலிப்பு வந்தா பாத்துக்க நான் இருக்கேன். டியூட்டியை மாத்திக்கிட்டேன்."

அன்று மாலை ஆறு மணிக்குக் குவளை வந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை. சிஸ்டர் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் மறுப்புப் பதிவேட்டைத் திறந்து, அதில் அச்சடித்திருந்ததை உரக்க வாசித்தார். "நோயாளியாகிய நீங்கள், உங்கள் நலனில் அக்கறை கொண்டு வழங்கப்படும் இம்மருந்தை, சுயநினைவோடு மறுக்கிறீர்களா?"

"மறுக்கிறேன். எனக்கு ஒரு நகல் வேணும்."

அரைமணி நேரத்தில் வார்டு கண்காணிப்பாளர் வந்து ஒரு துண்டறிக்கை கொடுத்தார். "மருந்தை மதிப்போம்" என்று தலைப்பு. எட்டு நாளாக அவர் அதே வழியில் தினமும் நடந்து போனவர். அவளை அன்றுதான் பார்த்தார்.

மறுநாள் புதன்கிழமை காலை எட்டு மணிக்கு இரண்டாவது மறுப்பு. இந்தத் தடவை ஆலோசகர் ஒருவர் வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு, "சின்ன வயசுல உங்களை யாராவது கட்டாயப்படுத்தி ஏதாவது சாப்பிட வச்சாங்களா?" என்று கேட்டார். "இப்பதாங்க வைக்கிறாங்க," என்றாள் அவள். ஆலோசகர் அதைக் குறித்துக்கொண்டார்.

மாலை ஆறு மணிக்கு மூன்றாவது மறுப்பு. சிஸ்டர் பதிவேட்டில் எழுதி, சிவப்பு பேனாவால் அடிக்கோடிட்டு, தொலைபேசியை எடுத்தார்.

ஆஸ்பத்திரி கிடுகிடுத்தது. லிஃப்ட் மூன்றும் ஒரே சமயத்தில் நாலாம் மாடிக்கு வந்தன. கண்காணிப்பாளர், ஆலோசகர், பாதுகாவலர் இருவர், விதி அதிகாரி. ஒழுங்கீன வழக்கில் நோயாளியைப் பார்த்த எல்லா மருத்துவர்களும் வந்தாக வேண்டும் என்பது பதினாலாவது விதியின் இரண்டாம் பிரிவாம். தோல் மருத்துவர் ஓடி வந்தார். கட்டி அளந்தவர் நாடாவோடு வந்தார். கல்லீரலும் சிறுநீரகமும் ஒன்றையொன்று பார்க்காமல் ஆளுக்கொரு பக்கம் நின்றன. அவளுடைய உறுப்புகள் அத்தனையும் ஒரே அறையில் கூடியது அதுவே முதல் முறை.

ஏழு இருபதுக்கு நரம்புத் துறைத் தலைவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நுழைந்தார். "யாரது, நான் கொடுத்த மாத்திரையை வேண்டாங்கறது?"

கூட்டம் விலகி வழிவிட்டது. அவர் கட்டிலருகே வந்து அவள் முகத்தைப் பார்த்தார். திட்டுவதற்காகத் திறந்த வாய் அப்படியே நின்றது. கழுத்தைத் தொட்டார். கண்ணிமையைத் தாழ்த்திப் பார்த்தார். கோப்பை வாங்கி, நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினார். ஏழு நாற்பது ஆகியிருந்தது.

"இந்த மாத்திரை இன்னும் போயிட்டிருக்கா?" அவர் குரல் மாறியிருந்தது. "நிறுத்துங்க. இந்த நிமிஷமே. இனி ஜன்மத்துக்கும் இவங்களுக்கு இது ஆகாது. இந்தக் குடும்பத்து மாத்திரை எதுவுமே ஆகாது."

"அந்தக் குடும்பத்தோட சம்பந்தமே வேண்டாங்க," என்றாள் அவள், கண்ணை மூடியபடி.

"வலிப்புக்கு வேற வகை எழுதறேன். வீக்கத்தை அடக்க ஊசி இப்பவே போடுங்க." பிறகு சுற்றி நின்ற அத்தனை பேரையும் பார்த்தார். "நான் இதே கட்டடத்துல, ஒரு மாடி கீழதானே இருந்தேன்? ஏன் யாரும் சொல்லலை?"

"நேத்து காலைல நான் வந்தேங்க," என்றார் பிளம்பர். "நீங்க டீ குடிச்சிட்டிருந்தீங்க. பதினோரு வாரம் கழிச்சு வரச் சொன்னாங்க."

துறைத் தலைவரின் காது சிவந்தது. அதற்குப் பிறகு தினமும் காலையும் மாலையும் அவரே படியேறி நாலாம் மாடிக்கு வந்துபோனார்.

உடம்பு உடனே திரும்பவில்லை. இரண்டு முறை இறங்கிய எண் மூன்றாம் முறை ஏறிப் பயம் காட்டியது. ஆனால் மூன்று வாரத்தில் முகம் வடிந்தது, கண் வெளுத்தது. ஒருநாள் காலையில் எழுந்ததும் அவள் வார்டு கண்காணிப்பாளரின் துண்டறிக்கையை எடுத்துப் படித்து, அதில் நாலு எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள். பிளம்பருக்கு அப்போதுதான் அவள் பிழைத்துவிட்டாள் என்ற நம்பிக்கை வந்தது.

வீட்டுக்குப் போகலாம் என்று துறைத் தலைவர் எழுதிக் கொடுத்தார். "இந்த மருந்து ஆகாது" என்று ஒரு அட்டையும் தன் கையாலேயே எழுதித் தந்தார். பையைக் கட்டி முடித்தபோது ஒன்பதாம் மாடியிலிருந்து அழைப்பு வந்தது. ஒழுங்கீனக் கோப்பு இன்னும் மூடப்படவில்லையாம். மூடாமல் வெளியே விட விதி இல்லையாம்.

நீண்ட மேசை. ஒரு பக்கம் மூன்று பேர்: நடுவில் இயக்குநர், வலது பக்கம் விதி அதிகாரி, இடது பக்கம் அரிய பக்கவிளைவுகள் குழுத் தலைவர். எதிரே கணவனும் மனைவியும். நடுவில் ஒரு பீங்கான் தட்டில் மூன்று வெள்ளை மாத்திரைகள்.

இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

"அம்மா, நீங்க குணமானதுல இந்த நிறுவனத்துக்கு ரொம்பப் பெருமை. ஆறு துறைகள் சேர்ந்து உங்களைக் காப்பாத்தியிருக்கோம். ஆறு துறையும் தனித்தனியா இதைப் பத்திக் கட்டுரை எழுதுறாங்க. மருந்து உங்களுக்கு ஆகலைங்கறதையும் நாங்க ஏத்துக்கறோம். நீங்க மறுத்தது சரிதான்னு பின்னால தெரிஞ்சுது. ஆனா மறுக்கும்போது அது தப்பு. இந்த வித்தியாசத்தை நீங்க புரிஞ்சுக்கணும். நோயாளிகள் எல்லாம் முன்கூட்டியே சரியா இருக்க ஆரம்பிச்சா, எங்களுக்கு இங்க என்ன வேலை?"

"அதானே," என்றாள் அவள்.

விதி அதிகாரி ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். "செவ்வாய் மாலை, புதன் காலை, புதன் மாலை. மாலை மாத்திரைக்கு நேரம் ஆறு மணி. நிறுத்தும் உத்தரவு பிறந்தது ஏழு நாப்பதுக்கு. ஆக இந்த மூணு மாத்திரையும் உத்தரவுக்கு முந்தினது. சட்டப்படி அது உங்களுக்கு உரியது. இதை மட்டும் இப்ப எங்க முன்னால போட்டுக்கிட்டீங்கன்னா பதிவேடு நேராயிடும். கோப்பை மூடிட்டு நீங்க போகலாம். தண்ணி வச்சிருக்கோம்."

அவள் முகம் வெளிறிப்போனதைப் பிளம்பர் பார்த்தார். வாயாடி, வக்கீல்களை வாயடைக்க வைத்தவள், அந்தத் தட்டைப் பார்த்து முதல் முறையாகப் பேச்சற்றுப் போனாள். மேசைக்கடியில் அவள் கை அவர் கையைத் தேடி வந்து பிடித்தது.

"சரிங்க," என்றார் பிளம்பர்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணுங்க," என்று அவர் தொடர்ந்தார். "இந்த மாத்திரை ஒண்ணும் பண்ணாதுங்களே?"

"பத்தாயிரத்துல ஒருத்தருக்குத்தான் பண்ணும்," என்றார் குழுத் தலைவர் மெல்லிய குரலில். "அந்த ஒருத்தர் மார்ச்லயே..."

"ஆமாங்க, சொன்னீங்க. அப்ப இந்த வருஷத்துக்கு வேற யாருக்கும் வராது." பிளம்பர் எழுந்தார். தட்டை எடுத்தார். மேசையின் அந்தப் பக்கத்துக்கு மெதுவாகத் தள்ளி வைத்தார். "மூணு மாத்திரை இருக்கு. நீங்களும் மூணு பேர் இருக்கீங்க. ஆளுக்கு ஒண்ணு எங்க முன்னால போட்டுக் காட்டுங்க. அப்புறம் அவளுக்கு வேற மூணு கொண்டுவரச் சொல்லலாம். அவசரமில்லைங்க. ரெண்டு வாரத்துலேர்ந்து எட்டு வாரம் ஆகுமாம், நாங்க இங்கயே உக்காந்து பாக்கறோம்."

தன் வாழ்நாளில் அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான்.

இயக்குநர் தட்டைப் பார்த்தார். தனக்கு ரத்த அழுத்தம் உண்டு என்பது அவருக்கு நினைவு வந்தது. விதி அதிகாரி புத்தகத்தை எடுத்து, அதிகாரிகள் மாத்திரை சாப்பிட விதி இருக்கிறதா என்று முதல் பக்கத்திலிருந்து தேடத் தொடங்கினார். குழுத் தலைவர் தட்டின் விளிம்பை விரல் நுனியால் தொட்டு, ஒரு அங்குலம் இயக்குநர் பக்கமாக நகர்த்தினார். இயக்குநர் அதை ஒரு அங்குலம் விதி அதிகாரி பக்கமாக நகர்த்தினார். விதி அதிகாரி புத்தகத்திலிருந்து நிமிராமலே அதை நடுவுக்குத் திருப்பி அனுப்பினார்.

"ஒத்தி வைக்கிறோம்," என்றார் இயக்குநர் கடைசியில்.

"வையுங்க," என்றாள் அவள். அவளுக்குக் குரல் திரும்பிவிட்டது. "எந்தத் தேதின்னு எழுதிக் கொடுங்க. ஒரு நகலோட."

பதில் வருவதற்குள் இருவரும் எழுந்து நடந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. தடுப்பது எந்தத் துறையின் வேலை என்று அந்த மூன்று பேருக்கும் தெரிந்திருக்கவில்லை.

வெளியே நல்ல வெயில். அவளுக்கு இன்னும் காலில் வலு வரவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள். அட்டையை எடுத்துப் பார்த்தாள். "கடைக்குப் போனதும் இதை நூறு நகல் எடுக்கணும். உங்க பைல ஒண்ணு, என் பைல ஒண்ணு, மெஷின் மேல ஒண்ணு. நான் விழுந்தா தூக்கிட்டுப் போற ஆளு கையில ஒண்ணு."

"சரி," என்றார் பிளம்பர்.

கொஞ்ச தூரம் போனதும் அவள் நின்றாள்.

"ஏங்க, நிஜமாவே அவங்கள்ல ஒருத்தர் எடுத்து வாயில போட்டிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"தட்டி விட்டிருப்பேன்."

"ஏன்? நல்லா அனுபவிக்கட்டுமே."

பிளம்பர் திரும்பி அந்த ஒன்பது மாடியையும் ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"பாவம். அவரு எந்த மாடிக்குப் போவாரு?"